உங்களுக்குத் தெரியுமா? முதுகுக்குப் பின்னால் சில உண்மைகள்

● பிறக்கும்போது நமக்கு 33 முள்ளெலும்புகள். முப்பது வயதில் எண்ணினால் 26தான். எதுவும் தேய்ந்து மறைந்துவிடவில்லை. இடுப்புக்குக் கீழே உள்ள 5 எலும்புகளும் வளரும் வயதில் மெல்ல மெல்ல ஒட்டி ஒரே முக்கோண எலும்பாகிவிடுகின்றன. அதற்கும் கீழே உள்ள 4 குட்டி எலும்புகள் சேர்ந்து வால் எலும்பாகின்றன. கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5 என மீதி 24-ம் கடைசிவரை தனித்தனிதான். நாம் குனிந்து, நிமிர்ந்து, திரும்ப முடிவது அவற்றால்தான்.

● ஒட்டகச்சிவிங்கியின் கழுத்திலும் 7 எலும்புகளே. எலிக்கும் 7, திமிங்கிலத்துக்கும் 7. பாலூட்டிகளில் இந்தக் கணக்குக்கு அடங்காதவை மரத்தில் தலைகீழாகத் தொங்கும் ஸ்லாத்தும், நீரில் வாழும் மனாட்டியும் மட்டுமே.

● "ஆமாம்" என்று தலையாட்டுவது ஒரு மூட்டு, "இல்லை" என்று ஆட்டுவது வேறு மூட்டு. மண்டையோடு கழுத்தின் முதல் எலும்பின் மீது உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் தலை மேலும் கீழும் அசைகிறது. இந்த முதல் எலும்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் மற்ற முள்ளெலும்புகளைப் போல இருக்காது. நடுவில் கட்டியான உடல் இல்லாத வெறும் வளையம் அது. இரண்டாவது எலும்பிலிருந்து பல் மாதிரி ஒரு முளை எழும்பி அந்த வளையத்துக்குள் நிற்கும். அந்த முளையைச் சுற்றி வளையம் திரும்பும்போதுதான் தலை இடமும் வலமும் போகிறது. கழுத்தின் மொத்தத் திருப்பத்தில் ஏறக்குறைய பாதி இந்த ஒரே மூட்டில் நடக்கிறது. நம் ஊருக்கே உரிய, பக்கவாட்டில் ஆட்டும் அந்த "சரி சரி"க்கு மட்டும் கீழே உள்ள கழுத்தெலும்புகளும் சேர்ந்து வளைந்து கொடுக்க வேண்டும்.

● முதுகெலும்பு நேராக இருக்க வேண்டும் என்பது பாதி உண்மை. பின்னாலிருந்து பார்த்தால் நேர்க்கோடாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் வளைந்துதான் இருக்க வேண்டும். கழுத்து உள்ளே, மார்புப் பகுதி வெளியே, இடுப்பு உள்ளே, அதற்குக் கீழே மறுபடி வெளியே. இந்த நான்கு வளைவுகளும் கருவிலேயே வந்துவிடுவதில்லை. தாய் வயிற்றில் குழந்தை சுருண்டு கிடக்கும்போது முதுகு முழுக்க ஒரே வளைவு. 3, 4 மாதத்தில் தலை நிற்கத் தொடங்கும்போது கழுத்தின் வளைவு உருவாகிறது. எழுந்து நின்று தத்தக்கா பித்தக்கா என்று நடை பழகும்போதுதான் இடுப்பின் வளைவு அமைகிறது. நின்று நடக்கும் உடம்பின் எடையைப் பாதத்துக்கு நேர் மேலே நிறுத்துவதற்கு இந்த ஏற்பாடு. ஆகவே "முதுகை விறைப்பா வை" என்று பிள்ளைகளைச் சுவரோடு சுவராக நிறுத்துவதில் பலன் ஏதுமில்லை.

● கர்ப்பிணிப் பெண் பின்னால் சாய்ந்து நடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். முன்னால் கூடும் எடையைச் சமன் செய்ய இடுப்பின் வளைவை அவர் அதிகமாக்கிக்கொள்கிறார். அதற்கேற்ற வசதி எலும்பிலேயே இருக்கிறது. ஆணின் இடுப்பு வளைவில் ஆப்பு வடிவ முள்ளெலும்புகள் இரண்டு, பெண்ணுக்கு மூன்று. 2007-ல் 'நேச்சர்' இதழில் காதரின் விட்கோம் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இது. சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய மனித முன்னோரின் எலும்புகளிலும் இதே வேறுபாடு இருந்ததை அவர்கள் கண்டார்கள்.

● காலையில் எழுந்ததும் உயரத்தை அளந்து பாருங்கள். இரவு படுக்கப் போகும்போது மறுபடி அளந்து பாருங்கள். 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை குறைந்திருக்கும். முள்ளெலும்புகளுக்கு இடையில் இருக்கும் டிஸ்க்குகள்தான் காரணம். மொத்தம் 23. முதுகெலும்பின் நீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு அவைதான். ஒவ்வொன்றிலும் வெளியே அடுக்கடுக்கான நார் வளையம், உள்ளே கொழகொழப்பான கூழ். இளம் வயதில் அந்தக் கூழில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். நாள் முழுக்க நிற்கும்போதும் உட்காரும்போதும் பாரம் அழுத்தித் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். படுத்ததும் திரும்ப ஊறும். உயரத் தகுதி கேட்கும் வேலைக்கு அளவெடுக்கப் போகிறவர் மாலையைவிடக் காலையில் போவது நல்லது.

● பூமியின் ஈர்ப்பே தெரியாத விண்வெளி நிலையத்தில் டிஸ்க்குகள் மீது பாரம் இறங்காது. வீரர்கள் உயரமாகிவிடுவார்கள். 2018 ஜனவரியில் ஜப்பான் வீரர் நோரிஷிகே கனாய், தான் 9 சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டதாகவும், திரும்பி வரும்போது விண்கலத்தின் இருக்கையில் உட்கார முடியுமா என்று கவலையாக இருப்பதாகவும் எழுதினார். உலகமே வாய்பிளந்தது. கேப்டன் சந்தேகப்படவே மறுபடி அளந்தார்கள். 2 சென்டிமீட்டர்தான். தவறான செய்திக்கு வருத்தம் தெரிவித்தார் கனாய். பூமிக்கு வந்ததும் அந்த உயரமும் போய்விடும்.

● குழந்தைப் பருவம் தாண்டிய பிறகு டிஸ்க்கின் உள்ளே ரத்தக் குழாய்களே கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்புத் தட்டின் வழியாகக் கசிந்து வருவதுதான் அதன் சாப்பாடு. உயிரோடு இருக்கும் மனிதரில் இந்தக் கசிவு எப்படி நடக்கிறது என்பதை எம்ஆர்ஐ மூலம் மணிக்கணக்கில் பின்தொடர்ந்து படம்பிடித்துக் காட்டியவர் கோவையைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை நிபுணர் எஸ். ராஜசேகரன். 2004-ல் அந்த ஆய்வுக்குச் சர்வதேச விருது கிடைத்தது. எலும்புத் தட்டு பழுதானால் டிஸ்க்குக்குப் போகும் ஊட்டமும் தடம் மாறும் என்பதை அது காட்டியது.

● தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வளர்ந்தவர்களுக்கு அது சுமார் 45 சென்டிமீட்டர் நீளம்தான். இடுப்பின் முதல், இரண்டாம் முள்ளெலும்புகளுக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே திரவத்தில் மிதக்கும் நரம்பிழைகள் மட்டுமே. சிசேரியனுக்கு மயக்க ஊசி போடும் டாக்டர், தாயைச் சுருண்டு உட்காரவோ ஒருக்களிக்கவோ சொல்லி, விரலால் தடவித் தடவி இடம் தேடுவதைப் பார்த்திருப்பீர்கள். இரு பக்கமும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொட்டு, அந்த மட்டத்தில் முதுகின் குறுக்கே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்கிறார். அது நான்காவது இடுப்பு முள்ளெலும்பின் மட்டம். அதை ஒட்டிய இடைவெளியில்தான் ஊசி இறங்கும். அந்த இடத்தில் தண்டுவடமே இல்லை. ஊசி நுழையும்போது நரம்பிழைகளும் ஒதுங்கிக்கொள்ளும்.

"அந்த ஊசி போட்டதிலிருந்துதான் எனக்கு முதுகு வலி" என்று சொல்லாத தாய்மார்கள் நம் ஊரில் குறைவு. போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். வருடக்கணக்கான முதுகு வலிக்கு அந்த ஊசி காரணமில்லை என்பதை, ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. பத்து மாதம் சுமந்ததில் தளர்ந்த தசைகள், பாலூட்டக் குனிந்தே உட்கார்வது, குழந்தையை இடுப்பில் தூக்கித் திரிவது, போதிய தூக்கமில்லாமை என்று வலிக்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. பழியை ஊசியின் மேல் போட்டுவிட்டால் இவை எதற்கும் யாரும் கைகொடுக்க மாட்டார்கள். அதுதான் என் வருத்தம்.

● அந்த ஊசியின் கதை 1898-ல் ஜெர்மனியின் கீல் நகரில் தொடங்கியது. ஆகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர் தன் உதவியாளர் ஹில்டபிராண்டின் முதுகில் கொகெய்ன் மருந்தைச் செலுத்தி, இரும்புச் சுத்தியால் முழங்காலுக்குக் கீழே தட்டிப் பார்த்தார். வலிக்கவில்லை. மறுநாள் இருவருக்கும் தலைவலி பிய்த்தெடுத்தது, பியருக்கும் அதே சோதனை நடந்திருந்ததால். ஊசித் துளை வழியே தண்டுவடத் திரவம் கசிந்ததுதான் காரணம். இன்றைய ஊசிகள் மிக மெல்லியவை, அந்தத் தலைவலி வெகுவாகக் குறைந்துவிட்டது.

● கழுத்தெலும்பு 7, கழுத்து நரம்பு ஜோடிகள் 8. தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்புகள் மொத்தம் 31 ஜோடி.

● கரு உண்டான 28 நாட்களுக்குள் தண்டுவடக் குழாய் மூடிவிட வேண்டும். பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் உறைக்கும். மூடாமல் போனால் குழந்தை முதுகில் திறப்போடு பிறக்கும். கால்களில் பலவீனமும், சிறுநீரை அடக்க முடியாத சிரமமும் ஆயுளுக்கும் தொடரலாம். முன்பு இப்படிக் குழந்தை பிறந்த தாய்மார்கள் கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டால் மீண்டும் அப்படி நேர்வது 72 சதவீதம் குறைகிறது என்று 1991-ல் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு நிரூபித்தது. சில ரூபாய் மாத்திரை அது. கர்ப்பம் உறுதியான பிறகு தொடங்குவது தாமதம். குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரைக் கேட்டுத் தொடங்கிவிட வேண்டும்.

● உலகில் மக்களை முடக்கிப்போடும் காரணங்களில் முதலிடம் இடுப்பு வலிக்குத்தான். 2020-ல் 61.9 கோடிப் பேருக்கு இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேருக்கு, இதுதான் காரணம் என்று சுட்டிக்காட்டக்கூடிய நோய் எதுவும் எலும்பில் இருக்காது. "டிஸ்க் பிதுங்கியிருக்கு" என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் இடிந்து போகாதீர்கள். வலியே இல்லாத ஆட்களை ஸ்கேன் எடுத்த ஆய்வுகளை 2015-ல் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. நரைமுடியைப் போல அதுவும் வயதோடு வருவது.

படுக்கையில் நாள்கணக்கில் கிடப்பதும் பலன் தராது. முடிந்த அளவு நடமாடுகிறவர்கள்தான் சீக்கிரம் தேறுகிறார்கள். ஆனால் சிறுநீர் பிரியாமல் நின்றுபோனாலோ, அடக்க முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, கால் திடீரெனச் சோர்ந்தாலோ, வலியோடு காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்தாலோ எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

● மார்புப் பகுதியின் பின்வளைவு சுமார் 20 முதல் 45 டிகிரி வரை இருந்தால் இயல்பு. மிகுந்தால் கூன். கூனி நடக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் எலும்பில் கோளாறு என்று அர்த்தமில்லை. "நிமிர்ந்து நில்" என்றதும் வளைவு மறைந்தால் அது பழக்கம். நிமிர்ந்தும் மறையாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அடுத்தடுத்த மூன்று எலும்புகள் ஆப்பு வடிவில் வளர்ந்திருப்பதுதான் ஷோயர்மன் கூன். டென்மார்க் மருத்துவர் ஷோயர்மன் சுமார் 100 ஆண்டுகளுக்கு முன் விவரித்தது. வீட்டில் வாங்கும் திட்டுகளால் அந்தக் கூன் நிமிராது.

● காசநோய் நுரையீரலுக்கு மட்டும் வருவதில்லை. எலும்புக்கும் வரும், எலும்புகளில் அதிகம் பிடிப்பது முதுகெலும்பையே. எகிப்தில் ஆமன் கோயில் பூசாரி ஒருவரின் மம்மியில்கூட முதுகெலும்புக் காசநோயின் தடம் இருக்கிறது. 1779-ல் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் இதை விவரித்தபோது கிருமி எதுவென்று யாருக்கும் தெரியாது. கிருமி முள்ளெலும்பின் முன்பக்கத்தை அரிக்கிறது. முன்பக்கம் நொறுங்கியதும் எலும்பு முன்னால் மடிகிறது, முதுகில் கூர்மையான முடிச்சாகக் கூன் துருத்துகிறது.

இந்த நோய்க்கான சிகிச்சையை உலகுக்குச் சொன்னதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு காலத்தில் மாவுக்கட்டு போட்டு மாதக்கணக்கில் படுக்க வைப்பார்கள், அல்லது பெரிய அறுவை செய்வார்கள். சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பிரிட்டன் ஆய்வுக் குழுவும் சேர்ந்து நோயாளிகளை நடமாட விட்டே 6 மாதம், 9 மாதம் மாத்திரை கொடுத்துப் பார்த்தன. மிகப் பெரும்பாலோர் அறுவை இல்லாமலே குணமானார்கள். 1989-ல் முடிவு வெளியானது. அந்த ஆய்வில் சிகிச்சை பெற்ற குழந்தைகளை 15 ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார் முன்பு சொன்ன ராஜசேகரன். நோய் குணமான பிறகும் சில குழந்தைகளுக்கு வளர வளரக் கூன் கூடிக்கொண்டே போனது, சிலருக்குத் தானாகவே குறைந்தது. யாருக்குக் கூடும் என்பதை ஆரம்ப எக்ஸ்ரேயிலேயே காட்டிக்கொடுக்கும் 4 அடையாளங்களை அவர் வகுத்தார். காசநோய் மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். குழந்தைக்கு மாத்திரை முடிந்ததும் டாக்டரை மறந்துவிடக் கூடாது என்பதுதான் இதில் பெற்றோருக்கான செய்தி.

● "பாட்டி குட்டையாகிட்டே வர்றாங்க" என்று பேரப்பிள்ளைகள் சொன்னால் கவனியுங்கள். எலும்புச் சத்து குறைந்து முள்ளெலும்பு அமுங்கி உடைந்திருக்கலாம். விழுந்து அடிபட வேண்டும் என்பதே இல்லை. குடத்தைத் தூக்கும்போது, தும்மும்போதுகூட உடையும். இப்படி உடைவதில் மூன்றில் இரண்டு பங்கு யாருக்கும் தெரியாமலே போகிறது, "வயசான வலி" என்று ஒதுக்கிவிடுவதால். இளமை உயரத்திலிருந்து 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் எலும்படர்த்திப் பரிசோதனை அவசியம்.

● ஓய்வெடுத்தால் கூடும், நடந்தால் குறையும் வலி ஒன்று உண்டு. இருபதுகளில் இருக்கும் ஆணோ பெண்ணோ, விடியற்காலையில் முதுகு இறுகி அரைமணி நேரத்துக்கு மேல் விறைப்பு விடாமல் மாதக்கணக்கில் அவதிப்பட்டால் அது சாதாரணப் பிடிப்பாக இல்லாமல் இருக்கலாம். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்ற வாத நோய் முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து மூங்கில் போல ஆக்கிவிடும். இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன, முற்றிய பிறகு ஒட்டிய எலும்பைப் பிரிக்க முடியாது.

● இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டை ஷேக்ஸ்பியர் கூனனாக, வில்லனாக மேடையேற்றினார். நானூறு ஆண்டுகள் அதுவே அவர் முகம். 2012-ல் லெஸ்டர் நகரில் கார் நிறுத்துமிடம் ஒன்றைத் தோண்டியபோது எலும்புக்கூடு கிடைத்தது. மரபணுச் சோதனையும் எலும்பில் இருந்த வெட்டுக்காயங்களும் அது 1485 போஸ்வொர்த் போரில் 32 வயதில் மாண்ட ரிச்சர்டே என்று உறுதி செய்தன. முதுகெலும்பை ஒவ்வொரு துண்டாக ஸ்கேன் எடுத்து அடுக்கிப் பார்த்தார்கள். கூன் இல்லை. மார்புப் பகுதியில் வலப்பக்கம் 65 முதல் 85 டிகிரி வரை வளைந்த ஸ்கோலியோசிஸ். பத்து வயதுக்கு மேல் தொடங்கியிருக்க வேண்டும். வலது தோள் சற்று உயர்ந்து, உடம்பு கொஞ்சம் குட்டையாகத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். நல்ல தையல்காரரும் அளவான கவசமும் இருந்தால் பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது என்று 2014-ல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். குதிரையேறிப் போரிடவும் அது தடையாக இருந்திருக்காது. உடம்பின் வளைவை மனதின் கோணலுக்கு அடையாளமாக்கும் பழக்கம் நம் கதைகளிலும் உண்டு. அதை இனியாவது விட வேண்டும்.

● ஸ்கோலியோசிஸ் என்றால் முதுகெலும்பு பக்கவாட்டில் 10 டிகிரிக்கு மேல் வளைவது. வளைவதோடு முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. முள்ளெலும்பு திரும்பும்போது அதோடு சேர்ந்த விலாவும் திரும்பி முதுகில் ஒரு பக்கம் மேடாகிறது. வளரிளம் பருவத்தினரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கிறது. பெரும்பாலோருக்குச் சிறு வளைவு, எந்தச் சிகிச்சையும் தேவைப்படாது. பெரிய வளைவு பெண் பிள்ளைகளுக்கே பல மடங்கு அதிகம்.

● ஏன் வருகிறது? பத்தில் எட்டுப் பேருக்குக் காரணம் தெரியவில்லை. மரபுக்குப் பங்கு உண்டு. சிலருக்கு முள்ளெலும்பு கருவிலேயே பாதியாக உருவாகியிருக்கும். அவர்களுக்குச் சிறுநீரகம், இதயத்தையும் சேர்த்துப் பரிசோதிப்பார்கள், கருவில் அவை உருவாவதும் அதே வாரங்களில் என்பதால். தசைநோய், மூளைவாதம், போலியோவும் காரணமாகலாம்.

புத்தகப்பை காரணமல்ல. கோணலாக உட்கார்ந்ததும் காரணமல்ல. பாரமான பை முதுகு வலியைத் தரும் என்பது உண்மை, 2020-ல் மத்திய அரசின் பள்ளிப்பைக் கொள்கை பையின் எடை மாணவரின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றதும் சரியே. ஆனால் அது ஸ்கோலியோசிஸை உண்டாக்குவதில்லை. "சொன்னா கேட்டியா, எப்பப் பாரு கோணிக்கிட்டு" என்று அந்தப் பெண்ணையே குற்றவாளியாக்கும் வீடுகள் இருக்கின்றன. அவள் செய்த தவறு எதுவுமில்லை.

● உலகின் அதிவேக மனிதர் உசைன் போல்ட்டுக்கு ஸ்கோலியோசிஸ் உண்டு.

● வளரும் வயதில் 25 முதல் 40 டிகிரி வளைவு இருந்தால் பிரேஸ் என்ற இறுக்கமான கவசத்தைச் சட்டைக்குள் அணிய வேண்டும். அதனால் பயன் உண்டா என்பதில் நெடுங்காலம் சந்தேகம் இருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வு 2013-ல் தீர்ப்புச் சொன்னது. அணிந்தவர்களில் 72 சதவீதம் பேர் அறுவை தேவைப்படும் நிலைக்குப் போகாமல் தப்பினார்கள், அணியாதவர்களில் 48 சதவீதம். பலன் இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். நாளுக்கு 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் தப்பினார்கள். நம் வெயிலில், வியர்வையில், பள்ளிச் சீருடைக்குள் 13 மணி நேரம் என்பது ஒரு சிறுமிக்கு எவ்வளவு பெரிய விஷயம்! அவளுக்கு வீட்டாரின் துணை வேண்டும். மெல்லிய பருத்தி பனியன் மேல் அணிவதும், விளையாடும் நேரத்துக்கு டாக்டரைக் கேட்டுக் கழற்றி வைப்பதும் கைகொடுக்கும். வளர்ச்சி நின்ற பிறகு பிரேஸால் பலனில்லை. காலம் தவறக் கூடாது என்பது அதனால்தான்.

● வளைவு 45, 50 டிகிரியைத் தாண்டினால் அறுவை பற்றி யோசிப்பார்கள். உலோகக் கம்பியால் முதுகை நிமிர்த்தும் முறையை உருவாக்கியவர் அமெரிக்காவின் ஹூஸ்டனில் போலியோ பாதித்த குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்த பால் ஹாரிங்டன். 1962-ல் அதை வெளியிட்டார். நிமிர்த்தும்போது தண்டுவடத்துக்கு ஆபத்து வந்துவிட்டதா என்று அறிய, 1970-களில் பிரான்ஸ் மருத்துவர் ஸ்டாக்னாரா குழுவினர் ஒரு வழி செய்தார்கள். அறுவை நடக்கும்போதே மயக்கத்தைக் குறைத்து, "காலை அசை" என்பார்கள். அசைந்தால் நிம்மதி, மறுபடி மயக்கம். இன்று தலையிலும் கால்களிலும் மின்முனைகள் பொருத்தி நரம்பின் சமிக்ஞையை அறுவை முழுக்கத் திரையில் கண்காணிக்கிறார்கள்.

● பிரிட்டன் இளவரசி யூஜெனி 12 வயதில் இந்த அறுவை செய்துகொண்டவர். 2018-ல் திருமணத்தன்று முதுகு தெரியும்படி கவுன் தைக்கச் சொல்லி, தழும்பை எல்லோரும் பார்க்க நடந்து வந்தார். நம் வீடுகளில் "வெளியே தெரிஞ்சா கல்யாணம் ஆகாது" என்று மறைத்து மறைத்துத்தான் 20 டிகிரி 60 டிகிரி ஆகிறது. ஸ்கோலியோசிஸ் உள்ள பெண்களில் பெரும்பாலோர் எல்லோரையும் போலக் கருத்தரித்துப் பிள்ளை பெறுகிறார்கள்.

● 1954 ஜனவரியில் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார் வேலூர் சிஎம்சியின் இளம் டாக்டர் மேரி வர்கீஸ். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி வேலூரில் அதற்கான துறையை நடத்தினார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையமும் எழுந்தது. 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வில் கழுத்தில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் அசைவிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

● விபத்தில் விழுந்தவரைத் தோளையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிப்பது நம் ஊரில் பாசத்தோடு நடக்கும் ஆபத்து. கழுத்தெலும்பு உடைந்திருந்தால் அந்த ஒரு தூக்கலில் தண்டுவடம் நசுங்கலாம். தீ, வெள்ளம், வண்டி மோதும் அபாயம் என்று வேறு வழியே இல்லாவிட்டால் தவிர நகர்த்தாதீர்கள். 108-ஐ அழைத்துவிட்டு, ஒருவர் தலைமாட்டில் முட்டி போட்டு இரு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் புகட்டாதீர்கள்.

● இகுவனோடான் டைனோசரை உலகுக்கு அறிமுகப்படுத்திய ஆங்கிலேய மருத்துவர் கிடியன் மான்டெல், 1841-ல் குதிரை வண்டியிலிருந்து விழுந்து இழுபட்டார். அதன் பிறகு தீராத முதுகு வலி. இடுப்பருகே இருந்த புடைப்பைக் கட்டி என்றே மருத்துவர்கள் நம்பினார்கள். 1852-ல் அவர் இறந்ததும் உடலைப் பரிசோதித்த மருத்துவர்கள் கட்டி எதையும் காணவில்லை. முதுகெலும்பு முறுக்கி வளைந்து, அதன் சிறகெலும்புகள் தசையைத் தள்ளிக்கொண்டு வெளியே துருத்தியிருந்தன. அந்தப் பரிசோதனையை எழுதிய வில்லியம் ஆடம்ஸ் அதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொண்டார்: நிற்கும்போது தெரியாத முறுக்கு, குனிந்தால் தெரியும். ஸ்கோலியோசிஸைக் கண்டுபிடிக்க உலகெங்கும் இன்றுவரை செய்யும் முதல் சோதனை அவர் பெயரில்தான் இருக்கிறது.

இதைச் செய்ய டாக்டரும் வேண்டாம், கருவியும் வேண்டாம். பெண் பிள்ளை என்றால் 10 வயதிலும் 12 வயதிலும், ஆண் பிள்ளை என்றால் 13, 14 வயதிலும் பாருங்கள். பெண்ணுக்கு அம்மாவோ அக்காவோ பார்ப்பது நல்லது. முதுகு தெரியும்படி, வெறுங்காலோடு, பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொல்லுங்கள். முதலில் தோள்கள் ஒரே மட்டமா, ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு மட்டும் துருத்துகிறதா, கைக்கும் இடுப்புக்கும் இடையிலுள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு முட்டியை மடக்காமல், உள்ளங்கைகளைச் சேர்த்துத் தொங்கவிட்டு மெல்லக் குனியச் சொல்லுங்கள். பின்னால் உட்கார்ந்து, உங்கள் கண் பிள்ளையின் முதுகு மட்டத்தில் இருக்கும்படி பாருங்கள். ஒரு பக்கம் மேடாக எழும்பியிருந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டி ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடுங்கள்.